காலுக்குக் கழித்த றாத்தல்

தராசு பொய் சொல்லாது என்று நம்புகிறவர்கள், தராசுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் அந்த ஆளாக இருந்தவன்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்த காலம். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சின்னக் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். பெரிய கணக்கப்பிள்ளை என்று ஒருவர் இருந்தார். அவருக்குப் பிடிக்காத வேலைகள் எல்லாம் என்னுடையவை. அவற்றில் தலையாயது, மலையிலிருந்து இறங்கி வரும் பெண்களின் கொழுந்தைக் கூலிக்கணக்குக்காக மடுவத்தில் நிறுப்பது. மடுவம் என்றால் நாலு தூணும் ஒரு தகரக் கூரையும்தான். உத்தரத்தில் வட்ட முகமுள்ள தராசு ஒன்று தொங்கும். அதன் கொக்கியில் கூடையை மாட்டினால் முள் ஓடி இத்தனை றாத்தல் (ஒரு றாத்தல் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு) என்று ஒரு எண்ணில் நிற்கும். அந்த எண்ணை அப்படியே சொல்லிவிட்டால் அவன் கணக்கப்பிள்ளையே இல்லை. கூடைக்குக் கழிக்க வேண்டும். மழை பெய்திருந்தால் தண்ணிக்குக் கழிக்க வேண்டும். (எங்கள் மலையில் மழை பெய்யாத நாளை விரல்விட்டு எண்ணலாம்.) இவை போக, ஏன் என்று யாரும் கேட்கக் கூடாத பொதுக் கழிவு ஒன்று இருந்தது. எனக்கு முந்தியவர் கழித்தார், அவருக்கும் முந்தியவர் கழித்தார், நானும் கழித்தேன். முள் முப்பதில் நிற்கும், என் வாய் "இருபத்தி நாலு" என்று சொல்லும். நடுவில் மூளைக்கு வேலையே இருக்காது.

இருபத்து மூன்று வயதில் எனக்கு என்னைப் பற்றி இருந்த அபிப்பிராயம் மிக உயர்ந்தது. அரைக் காற்சட்டை, முழங்கால் வரைக்கும் காலுறை, தலையில் தொப்பி. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த பையன் தொப்பி போட்டால் தொப்பிக்குக் கீழே தலை இருப்பதை மறந்துவிடுவான். அப்படி மறந்திருந்த ஒரு சாயங்காலம், கொழுந்து ஏற்றிப் போகும் லொறி நிற்பதற்கு முன்பே அதிலிருந்து குதித்தேன். மடுவத்தில் பெண்கள் நின்றார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. குதித்த இடத்தில் ஈரப் பாசி. மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பை இரண்டாக்கிக்கொண்டேன்.

கண்டியில் பெரிய ஆஸ்பத்திரியில் காலைத் திறந்து, எலும்பின் மேல் இரும்புத் தகடு வைத்து, ஆணி முடுக்கி, மேலே கட்டுப் போட்டார்கள். அறுவை செய்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். ஒல்லியான மனிதர், பேச்சு நிதானம், முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. என்னை வீட்டுக்கு அனுப்புகிற அன்று, ஆஸ்பத்திரித் தராசின் மேல் என் காலை வைத்து லேசாக அமுக்கச் சொன்னார். முள் இருபதில் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"இதுதான் இருபது றாத்தல். இந்த அமுக்கம் எப்பிடி இருக்குதெண்டு காலுக்குத் தெரியவேணும். கக்கத்துக் கட்டையோடை நடக்கேக்கை இவ்வளவு பாரம்தான் வைக்கலாம். கிழமைக்குப் பத்துப் பத்தாக் கூட்டும். ஊரிலை தராசு இருக்கோ?"

"எங்க தோட்டத்துலயாங்க? தராசு இல்லாமலா?" என்றேன், தராசைக் கண்டுபிடித்தவன் போல.

"ஒண்டும் வைக்காமல் விட்டாலும் எலும்பு தேறாது. கூட வைச்சாலும் பழுது. அந்தத் தகடு பாரம் சுமக்கிறதுக்கு இல்லை, ஒட்டும் வரைக்கும் எலும்பைப் பிடிச்சு வைக்கிறதுக்குத்தான். விளங்குதோ?"

விளங்கியது என்று தலையாட்டினேன். எனக்கு விளங்கியது வேறு. உடம்புக்குள் இரும்பு இருக்கிறது. ஆகவே முன்னைவிட நான் பலமானவன். லயத்துக்கு வந்ததும் பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் காலைத் தட்டிக் காட்டினேன். "உள்ள இரும்புங்க," என்று.

டாக்டர் சொன்னபடி பொறுமையாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் உடப்புசல்லாவையில் எனக்கு ஒரு முத்தம்மா அத்தை இருந்தார். என் அப்பாவின் அக்கா. அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் உறவு விட்டுப்போகக் கூடாது என்று, அத்தை மகள் சரசுவை எனக்குப் பேசி வைத்திருந்தார்கள். சரசு அந்தத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், தாய்மார் மலைக்குப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தாள். தேர்த் திருவிழாவுக்குப் போனபோது பார்த்தேன்: இடுப்பில் ஒன்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒன்று, அழுகிற மூன்றாவதோடு ஏதோ சமரசம் பேசிக்கொண்டிருந்தாள். என் தொப்பியை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அன்றிலிருந்து எனக்கு அவளைத் தவிர வேறு நினைப்பில்லை. இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

என் கால் முறிந்த செய்தி எட்டியதும் அத்தை ஒரு உறவுக்காரர் மூலம் சொல்லியனுப்பினார். வந்தவர் அத்தையின் குரலிலேயே சொன்னார்.

"'ஒத்தக் காலு மாப்பிள்ளைக்குப் பொண்ணக் குடுத்துட்டு நாலு பேருக்கு நான் என்னா பதில் சொல்றது? வர்ற மாசம் மொத ஞாயித்துக்கெழம வர்றேன். ரெண்டு காலுல நின்னு காட்டச் சொல்லுங்க. இல்லாட்டி வேற எடம் பாத்துக்கிறேன்.' அப்புடின்னு சொல்லச் சொன்னாங்க."

அம்மா அழுதார். நான் அழவில்லை. (அம்மா பார்க்கிற இடத்தில் அழவில்லை.) அடுத்த நாளே மடுவத்துக்குப் போனேன்.

நிறுவை முடிந்து எல்லோரும் போனபின், ஒரு கொழுந்துக் கூடையின் கயிற்றை நீளமாக்கிக் கொக்கியில் மாட்டினேன். கூடை தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. கக்கத்துக் கட்டைகளில் சாய்ந்துகொண்டு, கட்டுப் போட்ட காலைக் கூடைக்குள் விட்டு அமுக்கினால் முள் ஓடும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். கூட்டுமாறோடு வந்த ராமாயி, என் தராசில் தினமும் கழிபடுகிற பெண்களில் ஒருத்தி, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னாங்கய்யா, காலையும் பக்டரிக்கு அனுப்பப் போறீங்களா?"

"போ, போய்க் கூட்டு," என்றேன்.

அமுக்கினேன். முள் இருபதுக்கு வந்தது. நான் செய்ய வேண்டியிருந்தது அங்கே நிறுத்துவது மட்டும்தான். ஆனால் கொக்கியில் கூடை தொங்குகிறது. நான் முள்ளைப் பார்க்கிறேன். வாய் தானாக, "பதினாலு," என்றது.

அடடா, இன்னும் ஆறு றாத்தல் பாக்கி இருக்கிறதே என்று மேலும் அமுக்கினேன்.

அதில் நான் எந்தத் தப்பையும் பார்க்கவில்லை என்பதுதான் விசேஷம். யோசிக்க யோசிக்கக் கழிவு நியாயமாகவே பட்டது. கூடைக்குக் கழித்தாயிற்று. அன்றைக்குத் தூறல், ஆகவே தண்ணிக்கு. கட்டுத் துணி என் கால் அல்ல, ஆகவே கட்டுக்கு. உள்ளே இருக்கும் தகடு ஆஸ்பத்திரிச் சொத்து, ஆகவே இரும்புக்கு. கடைசியில் வழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று பொதுக் கழிவு. முள் முப்பத்தைந்தைத் தொட்டபோது, "சரியா இருபது," என்று திருப்தியாகக் காலை எடுத்தேன். உள்ளே சுரீர் என்றது. எலும்பு தன் இடத்தில் உட்காருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வாரத்துக்கு வாரம் பாரம் கூடியது. பாரம் கூடினால் கழிவும் கூட வேண்டும் அல்லவா? நிறையக் கொழுந்து என்றால் நிறையத் தண்ணீர் என்பது மடுவத்துச் சட்டம். டாக்டரின் முப்பது என் தராசில் ஐம்பத்தைந்து. டாக்டரின் நாற்பதுக்கு எண்பதுக்குப் பக்கமாய் அமுக்கிக்கொண்டிருந்தேன். என் முழு எடையே நூற்றுப் பத்துத்தான். இரவில் கால் விண்விண் என்று தெறித்தது. அம்மா ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"டாக்டரய்யா சொன்னபடிதான் செய்றியாப்பா?"

"ஒரு றாத்தல் கூடல குறையலம்மா. நான் கணக்கப்பிள்ளை. எனக்கே கணக்குச் சொல்றீங்களா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. அம்மா வாசலைக் கூட்டிக் கோலம் போட்டு, வடைக்கு அரைத்து வைத்திருந்தார். நான் தொப்பியோடு இஸ்தோப்பில், அதாவது எங்கள் வீட்டின் முன்தாழ்வாரத்தில், கக்கத்துக் கட்டைகளைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, சுவரில் முதுகைக் கொடுத்து நின்றேன். கீழே ரோட்டில் பஸ் நின்றது. அத்தை இறங்கினார். அவருக்குப் பின்னால் சரசுவும் இறங்கியபோது தொப்பியை நேராக்கிக்கொண்டேன். கடைசியாகக் கண்டக்டர் முனகிக்கொண்டே ஒரு மூட்டையை இறக்கி வைத்தான்.

அத்தை மூட்டையை ரோட்டோரத்திலேயே விட்டுவிட்டுப் படியேறி வந்தார். இருபத்தைந்து வருடமாக மலையில் கொழுந்து பறிக்கிற மனுஷி, மூச்சுக்கூட வாங்கவில்லை. என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார்.

"நிக்கிறாப்லதான் இருக்கு," என்றார். "செவுரு புடிச்சிக்கிட்டிருக்கா, நீங்க நிக்கிறீங்களா?"

சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தேன். காலுக்குள் யாரோ ஆணியைத் திருகினார்கள். சிரித்தேன்.

"நல்லது. கீழ ஒரு மூட்ட உருளைக்கெழங்கு கெடக்கு, எங்க ஊருது. தூக்கிட்டு வாங்க மாப்பிள்ள. என் பொண்ணு பாரத்தத் தாங்குவீங்களான்னு நானும் பாக்கணும்ல."

"அண்ணி, அவனுக்குக் கட்டே இன்னும் பிரிக்கலையே!" என்று அம்மா பதறினார்.

சரசு, "அம்மா, வேணாம்மா. நான் போயித் தூக்கிட்டு வர்றேன்," என்றாள்.

அவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகு எந்த ஆண்பிள்ளை சும்மா இருப்பான்? படியோரச் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். மூட்டையைக் கண்ணால் எடை போட்டேன்: ஐம்பது றாத்தல். அடுத்து என் மூளை செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கிறது. சாக்குக்கு மூன்று கழித்தது. கிழங்கில் ஒட்டிய மண்ணுக்கு ஐந்து கழித்தது. பனியில் நனைந்த ஈரத்துக்கு ஐந்து. பொதுக் கழிவு என்று ஏழு போட்டது. முப்பதுதான் மிச்சம். இரண்டு காலுக்கும் பிரித்தால் பதினைந்து. இது ஒரு பாரமா!

தூக்கித் தோளில் வைத்தேன். மூட்டைக்கு என் கழிவு எதுவும் தெரியவில்லை. ஐம்பது றாத்தலும் ஐம்பது றாத்தலாகவே என் மேல் உட்கார்ந்தது. இரண்டு படி ஏறினேன் என்று நான் சொல்வேன். ஒன்று என்று அத்தை கடைசி வரைக்கும் சாதித்தார். காலுக்குள் டக்கென்று ஒரு சத்தம். கீழே விழும்போது பக்கத்தில் எதையாவது பிடிக்க வேண்டுமே என்று பிடித்தேன். அது, எனக்குப் பின்னாலேயே இறங்கி வந்திருந்த அத்தையின் கை. இரண்டு பேரும் கானுக்குள் உட்கார்ந்தோம். மூட்டை வாய் திறந்து, உருளைக்கிழங்கு அத்தனையும் ரோட்டைக் கடந்து தேயிலைச் சரிவில் உருண்டது. லயமே திரண்டு கிழங்கைப் பிடிக்க ஓடியது. என்னைப் பிடிக்க ஓடி வந்தவர்கள் அம்மாவும் சரசுவும் மட்டுமே. (ராமாயி மடி நிறையக் கிழங்கோடு வந்து, "இது எத்தன றாத்தல் வருமுங்கய்யா?" என்று கேட்டாள். விழுந்து கிடக்கிறவனிடம்!)

தோட்டத்து லொறியில் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா மயங்கிப் படுத்துவிட்டதால் அத்தையே கூட வந்தார். ஹட்டனைத் தாண்டும் வரைக்கும் என் காலைத் தன் மடியில் அசையாமல் பிடித்துக்கொண்டு வந்தார். பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

"மாப்பிள்ள, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. கால் நல்லாகட்டும். ஆனா இந்தக் கல்யாணப் பேச்ச இத்தோட விட்ருவோம்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தொப்பியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு கண்டி வரைக்கும் அழுதேன். கால் வலிக்காக அழுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார் என்று இன்றும் நம்ப ஆசைப்படுகிறேன்.

படம் எடுத்துப் பார்த்தார்கள். தகடு வளைந்து, இரண்டு ஆணி வெளியே எட்டிப் பார்த்தது. டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துப் பார்த்தார். கட்டில் ஓரத்தில் அத்தை நின்றார்.

"இது ஒரு நாள் விழுந்ததாலை மட்டும் வந்ததில்லை. கன நாளாப் பாரம் ஏறியிருக்கு. நான் சொன்னது எத்தினை றாத்தல்?"

"கடைசிக் கிழமைக்கு நாப்பதுங்க."

"நீர் எவ்வளவு வைச்சனீர்?"

"நாப்பதுதாங்க. கழிவு போக."

"என்ன கழிவு?"

எனக்கு அவர் கேள்வி புரியவில்லை. கழிவு என்றால் கழிவுதானே? பொறுமையாக விளக்கினேன். "தராசுல எம்பதுங்க. அதுல கூடைக்கு ஒரு அஞ்சு, தண்ணிக்குப் பத்து..."

"காலிலை என்ன தண்ணி, ஐசே?"

"மழைங்க, ஐயா. பொறகு கட்டுக்கு, இரும்புக்கு, பொதுவா ஒரு..." சொல்லிக்கொண்டு வரும்போதே என் குரல் தேய்ந்தது. வாய்விட்டுச் சொன்னபோதுதான் என் காதுக்கே கேட்டது. காலில் நான் நாற்பது வைக்கவில்லை, எண்பது வைத்திருக்கிறேன். கழித்தது கணக்கில், ஏறியது காலில்.

அப்போது, கொதிக்கிற கேத்தல் மூடி போல ஏதோ சத்தம் கேட்டது. அத்தை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். பிறகு முந்தானையால் முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, பக்கத்துக் கட்டில் நோயாளிகள் எழுந்து உட்காரும்படி சிரித்தார். நர்ஸ் ஓடி வந்து சிங்களத்தில் அதட்டினாள். அத்தை அவளுக்கும் இரண்டு கையையும் காட்டி, பேச முடியாமல், இன்னும் சிரித்தார்.

"இருவத்தஞ்சு வருசம்," என்றார் மூச்சு வந்ததும். "இருவத்தஞ்சு வருசமா என் கூடையில கழிச்சிருக்கானுங்க. வெயில் அடிக்கிற அன்னைக்கும் தண்ணிக்குக் கழிச்சிருக்கானுங்க. அதுல ஒருத்தனாவது தன் ஒடம்புல கழிச்சுக்கிட்டிருக்கானா? இன்னைக்கித்தான்யா பாக்குறேன்!"

"அத்தை..." என்றேன்.

"சும்மா இருங்க மாப்பிள்ள. உள்ளதச் சொல்றேன். கால் முறிஞ்சதுக்கா இம்புட்டு தூரம் வந்தேன்? கால் இன்னைக்கி முறியும், நாளைக்கி ஒட்டும். தராசுக்காரனுக்குப் பொண்ணக் குடுக்குறோமே, நம்மள மாதிரி பொம்பளைங்க வயித்துல அடிக்கிற பயலா இருப்பானோன்னு ராப்பகலா ஒரு ரோசன. அதச் சொல்ல முடியாம காலச் சொன்னேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் திரும்பினார். "ஐயா, இவரு திருடன் இல்லைங்க. வெறும் மடையன். மடையனுக்குப் பொண்ணு குடுக்கலாம். நல்லபடியா வெட்டி ஒட்டி அனுப்புங்க."

டாக்டர் படத்தை மேசையில் வைத்தார். அவர் சிரிப்பதை அன்றுதான் பார்த்தேன். சின்னச் சிரிப்பு, கழிவு போக மிஞ்சியது.

மறுபடி காலைத் திறந்து புதுத் தகடு வைத்தார்கள். இந்தத் தடவை மடுவத்துத் தராசைப் படிக்கும் வேலை எனக்கு இல்லை. அம்மா படித்துச் சொல்வார், நான் வாய் திறக்கக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. கால் ஒட்டியது, மற்றதைவிட அரை அங்குலம் குட்டையாக. ஒரு கட்டையை ஊன்றிக்கொண்டே தாலி கட்டினேன். சரசு முதல் ராத்திரி என்னிடம் கேட்டதே, அன்று கிழங்கைத் தூக்கும்போது மனசுக்குள் எவ்வளவு கழித்தேன் என்றுதான். சொன்னேன். விடிய விடியச் சிரித்தாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் மடுவத்தில் ராமாயிதான் முதலில் கூடையை மாட்டினாள். முள் இருபத்தெட்டில் நின்றது. நல்ல மழை. வாயைத் திறந்தேன். ராமாயி என் குட்டைக் காலைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். கடைசியில் நின்ற கிழவி எட்டி நின்று பார்த்தாள். "இருபத்தெட்டு," என்றேன். அப்படியே ஒரு மாதம் ஓடியது. பெரிய கணக்கப்பிள்ளை தோட்டத்துத் துரையிடம் போய், இந்தப் பையனுக்குக் காலோடு புத்தியும் குட்டையாகிவிட்டது என்று சொல்லி, என்னைத் தேயிலைச் செடியை மட்டம் வெட்டுகிற கவ்வாத்து மலைக்கு மாற்றிவிட்டார். அங்கே நிறுக்க ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு என் கையில் யாரும் தராசு கொடுக்கவே இல்லை.

எங்கள் மூத்தவள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தாள். நான் வெளியே நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்தேன். மருத்துவச்சி குழந்தையை நிறுத்துவிட்டு, "ஏழு றாத்தல், நல்ல கனம்," என்று சத்தமாகச் சொன்னது எனக்கே கேட்டது. ஒரு பகல் முழுக்க வேதனைப்பட்டுக் கிடந்த சரசு, கண்ணைக்கூடத் திறக்காமல் கேட்டாள்:

"நிறுவ போட்டது நீங்களா, அவரா?"

"நான்தாம்மா."

"அப்பச் சரி," என்றுவிட்டுத் தூங்கிப்போனாள்.